காக்கையைத் தாத்தா என்றவள்

ஆரணி
5.11.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா அருளால் அம்மாவும் நானும் சுகம். உங்கள் கவிதையைப் பார்த்துவிட்டேன்! எங்கள் தமிழம்மா கொண்டுவந்த சிற்றிதழில் ‘மகளுக்கு’ என்று போட்டு, கீழே உங்கள் பெயர். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது.

தாத்தா என்கிறாய்
தாழ்வாரத்தில் தத்தும் காக்கையை.
தப்பென்று தடுக்க மனமில்லை.
தமிழே,
தள்ளி நில் கொஞ்சம்.

“‘தாத்தா’ அச்சுப்பிழைடி” என்றாள் சகாயமேரி. “எங்கப்பாவே அச்சுக்கோக்கறவரு, அவராடி பிழை விடுவாரு?” என்றேன். குழந்தைக்குக் ‘க’ வராமல் ‘த’ வருகிறது. அந்தத் ‘த’வைப் பிடித்துக்கொண்டு ஐந்து அடியும் தொடங்குகின்றன. புதுக்கவிதைக்கு மோனை கிடையாது என்று யார் சொன்னது? வல்லினம்தான், ஆனாலும் அதட்டவில்லை; முதுகில் தட்டித் தூங்கவைப்பது போல இருக்கிறது. ‘தமிழே’ என்று தனியாக நிற்கும் அடியில் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.

மாதக் கடைசியில் இலக்கிய மன்றத்தில் இதைத்தான் விளக்கப் போகிறேன். அந்தக் குழந்தை நான்தான் என்றும் சொல்லுவேன்.

உங்கள் செல்ல மகள்
செல்வி


சென்னை
14.11.1978

அன்பு மகள் செல்விக்கு,

கவிதையை இவ்வளவு பிரித்துப் பார்க்கக் கூடாதம்மா. அது சும்மா கற்பனையாக எழுதியது. மன்றத்தில் வேறு ஏதாவது பேசு. அந்த இதழை அம்மாவிடம் காட்ட வேண்டாம். அச்சகத்தில் வேலை அதிகம்.

அப்பா


ஆரணி
26.11.1978

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, சின்னதுல நான் காக்காவ தாத்தான்னா சொல்லுவேன்?”

“யாரு, நீயா? நீ மொதமொத பேசுனதே காக்கான்னுதான்டி. உங்கப்பா உன்னத் தோள்ல வெச்சிகினு தெருவெல்லாம் சொல்லிகினு வந்தாரே. எதுக்குக் கேக்கற?”

“சும்மாதாம்மா.”

இதழைக் காட்டவில்லை. கற்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து கேட்காமல் மழலையை இவ்வளவு சரியாக எழுத வராது, அப்பா.

மன்றத்தில் பேசினேன். மோனையைச் சொன்னபோது கைதட்டினார்கள். “அந்தக் குழந்தை நீதானே?” என்றார் தமிழம்மா. தலைப்பு ஒருமையில் இருக்கிறது. ‘மகளுக்கு’ என்றால் ஒருத்திதான். “ஆமாம்மா” என்றேன்.

அடிநாக்கு அடியண்ணத்தைத் தொட்டால் ‘க’ பிறக்கும் என்று இலக்கணத்தில் இருக்கிறது. தங்கையின் நாக்கு நுனியை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். வந்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

ஆரோக்கியசெல்வி