சிவப்பு மையில் நான்காவது குறிப்பு

ஜூலை 14, திங்கள்

ஒன்றியத்திலுள்ள தலைமையாசிரியர்களுக்கு நிதி மேலாண்மைப் பயிற்சி. சங்கரன்கோவிலில் இரண்டு நாள். பாடம் எடுக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். காரணம், இருபத்தாறு வருடத்தில் என் பள்ளிக் கணக்கில் ஒரு தணிக்கைத் தடையும் விழுந்ததில்லை. தேர்தல் வேலையைத் தவிர வேறு எதற்கும் என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஆணையை இரண்டு முறை படித்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "கேஸ் சிலிண்டர் எப்ப வந்துச்சுன்னு கேட்டா தெரியாது, ஊருக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போறீயளாக்கும்" என்றாள்.

ஜூலை 16, புதன்

பயிற்சிக்குப் பன்னிரண்டு குறிப்புகள் எழுதி முடித்தேன். நான்காவது: 'தொகை எழுதாத காசோலையில் குழுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.' முக்கியம் என்பதால் சிவப்பு மை, இரண்டு அடிக்கோடு.

மத்தியானம் பனவடலிசத்திரம் பக்கம் பிச்சிப்பூத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பேச்சித்தாய்க்கு அங்கேதான் வேலை. ஐந்தாம் வகுப்பு காவியாவின் அம்மா. பள்ளிக் கணக்கில் பணம் எடுக்க என் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கு வந்தால் அவருக்கு அரை நாள் கூலி போகும். அதனால் புதுக் காசோலைப் புத்தகம் வந்ததும் எல்லாத் தாளிலும் மொத்தமாக வாங்கிவிடுவது வழக்கம். என் சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்துப் போட்டார்.

"எத்தன சார்?"

"இருவது."

"போன தடவ பத்துல்லா?"

"இப்ப பெரிய புக்கு."

வேலை முடிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் இடமும் கிடைத்தது. நல்ல நாள்.

ஜூலை 21, திங்கள்

நாற்பத்தொரு பேர் வந்தார்கள். டீக்குப் பிறகு முப்பத்தாறு.

காசோலையின் அடிக்கட்டை எப்படி எழுத வேண்டும் என்று காட்ட எங்கள் பள்ளிப் புத்தகத்தையே கொண்டுபோயிருந்தேன். 'பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்' என்று சுற்றுக்கு விட்டேன். விட்டுவிட்டு நான்காவது குறிப்பை விளக்க ஆரம்பித்தேன். இரண்டாம் வரிசையில் பேச்சு நின்றது. பிறகு மூன்றாம் வரிசையில். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் இப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை. நம் பாடம் எடுபடுகிறது என்று நினைத்தேன்.

கனகலட்சுமி டீச்சர் எழுந்தார். "சார், அந்த நாலாவத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். குரலை உயர்த்தி.

"இதுல இருவது தாள்லயும் கையெழுத்து இருக்கே சார். ஒண்ணுலயும் தொகை இல்லயே."

"அது மாதிரிக்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா சார், எதுல போட்டிருக்காங்கன்னு?"

தெரியும் என்றேன். தெரியுமா? நான் சொன்னேனா? எப்போது சொன்னேன்?

டீ நேரத்தில் முகம்மது சாதிக் தோளில் கைபோட்டார். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். "ஏன் வே அத இங்கன கொண்டாந்தீரு? நாங்கல்லாம் பீரோவுலல்லா வச்சிருக்கோம்!"

ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டாம் நாள். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை. நான்கை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

தோட்டத்துக்குப் போய், அவர் போட்டது வெற்றுக் காசோலைகளில் என்று பேச்சித்தாயிடம் சொல்லிவிட்டேன். பூக்கூடையை எடைக்கு வைத்துவிட்டு வந்தார்.

"அந்தத் தாள்ல எம்புட்டு எழுதலாம் சார்?"

"கணக்குல இருக்கிற வரைக்கும்."

"எவனாவது எழுதி எடுத்துட்டா யாரக் கேப்பாவ?"

"என்னையும். உங்களையும்."

தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டினார். "நீங்க எடுத்தீயன்னு சொல்லல சார். ரெண்டு வருசமா ஒரு வார்த்த சொல்லலியேன்னுதான் சொல்லுதேன். ஏதோ வருகைப்பதிவு மாதிரின்னுல்லா போட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் முன்னாலேயே இருபது தாளிலும் குறுக்கே கோடு இழுத்து ரத்து செய்தேன். முடிந்ததும், "வேற ஆளத் தலைவியாப் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்துவிட்டார்.

பதிவேட்டில் ரத்துக்குக் காரணம் எழுத வேண்டும். 'பயிற்சிக்குப் பயன்பட்டது' என்று எழுதினேன். பொய் இல்லை.

ஜூலை 26, சனி

பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு வந்தது பேச்சித்தாயால். ஒன்றிய அலுவலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கினார். அந்த மூன்று நாள் கூலியைப் பற்றி நான் கவலைப்பட்டதாக நினைவில்லை. கையெழுத்து வாங்கப் போகும்போது மட்டும் அவர் கூலி ஞாபகத்துக்கு வருகிறது. எனக்கு அலைச்சல் மிச்சம், பேர் என்னவோ அவருக்குச் செய்த உபகாரம். வெட்கக்கேடு.

பதிவேட்டைத் திருத்தினேன். 'காரணம்: தலைவிக்கு விவரம் சொல்லாமல் கையெழுத்து பெற்றது. தவறு தலைமையாசிரியருடையது.' பக்கத்தில் தேதி. அந்தப் பக்கத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். பேச்சித்தாய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சரி, இருக்கேன். ஆனா பில்லு இல்லாம வரப்படாது. நான் படிச்சிட்டுத்தான் போடுவேன். மெதுவாத்தான் வரும். நிக்கணும்."

நிற்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா, உள்ளூர் விடுமுறை. கூட்டத்தில் கனகலட்சுமி டீச்சர் எதிரே வந்தார். "மாதிரி புக்கு சௌக்கியமா சார்?" ரத்து என்றேன். "எங்க புக்கையும் ரத்து பண்ணிட்டேன் சார். பதினாலு தாள்" என்றார். பிறகு கூட்டம் இருவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

குடிநீர்த் தொட்டிக்குக் குழாய் மாற்றிய பில். வரப்பில் பதினேழு நிமிடம் நின்றேன். வெயில்.

"ஆறு கொழாய்னு போட்டிருக்கே சார். அஞ்சுதான் இருக்குன்னா எம்மவ."

ஆறுதான், நானே சரிபார்த்துப் பதிவேட்டில் சான்றெழுதியிருக்கிறேன் என்றேன். போய் எண்ணினோம். ஐந்து. குழாய் மாட்டிய காசி ஒன்று தப்பாகச் சேர்ந்துவிட்டது என்று தலையைச் சொறிந்து வேறு பில் கொடுத்தார். பேச்சித்தாய் சொல்லித் திருத்தியதாகப் பதிவேட்டில் எழுதினேன். பேச்சித்தாய்க்கு அரை நாள் கூலி போயிற்று. அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "இது எம்பேருல்லா" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

தணிக்கை முடிந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடை. 'ஆறு குழாய் என்று தலைமையாசிரியர் தவறாகச் சான்றளித்துள்ளார். குழுத் தலைவி பேச்சித்தாய் சுட்டிக்காட்டியபின் திருத்தப்பட்டது. விளக்கம் தேவை.' சாதிக் போனில் துக்கம் விசாரித்தார். அடுத்த பயிற்சிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

விளக்கம் எழுதி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். இருவரும் கையெழுத்திட வேண்டும். தடையில் தன் பெயர் வந்த வரியை இரண்டு முறை படித்தார். என் விளக்கத்தையும் கடைசி வரை படித்தார். கையெழுத்துப் போட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குனிந்தேன்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்."

நான் எழுதியதுதான். படித்தேன். தேதி தப்பு.