ஆரபி அனுப்பிய கணினி பற்றிய திருத்தம்

சுன்னாகம்

அன்புள்ள மகள் ஆரபிக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம், நீயும் மருமகன் பார்த்தீபனும் மெல்பேணில் அப்படியே இருக்கக் கதிரமலைச் சிவனைக் கும்பிடுகிறோம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, அம்மாவின் முழங்கால் நோ குறைவு. நீ அனுப்பிய கணினியில்தான் எழுதுகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேனே பிள்ளை, அது பொய்.

பழைய கணினியின் விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, கண் தெரியாத அப்பா அதில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பக்கூடாது என்று பயந்துதான் நீ அதை அனுப்பினாய். அதில் ஒரு குறையும் இல்லை, நீ சொல்லித் தந்தபடி பழகிக்கொண்டும் வந்தேன். சரஸ்வதி பூசைக்கு அம்மா அதைச் சுவாமி அறையில் வைத்து, எழுத்துக் கட்டைகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டா. இரண்டு கட்டைகளில் உள்ள சின்ன மேட்டைத் தடவித்தான் நான் கையை வைப்பது உனக்குத் தெரியும். மயிலிட்டித் துறைமுகச் செய்தி அனுப்ப வேண்டிய அன்று, காய்ந்த சந்தனத்தை அந்த மேடென்று விரல் நம்பிவிட்டது. எதையோ அமத்தினேன், திரையை எனக்கு வாசித்துச் சொல்லும் குரல் நின்றுபோனது. நீ வேலையில் இருப்பாய் என்று கூப்பிடாமல் பழையதில் செய்தியை அனுப்பினேன். சந்தனத்தைச் சுரண்டி மறுநாள் கணினியைப் போட்டபோது குரல் வந்தது, ஆனால் எனக்குத்தான் பயம் போகவில்லை. அது ஊமையானால் பேசவைக்க எனக்கு நீ ஒருத்திதான், நீயோ கடலுக்கு அங்கால், அதனால் பழையதிலேயே எழுதிவந்தேன்.

காதில் ஹெட்செற் மாட்டியிருக்கிறேன், அதுதான் உனக்குக் கணினியின் சத்தம் கேளாது என்று ஞாயிறுகளில் சமாளித்தேன். பேப்பரிலை ஒரு ஊர்ப்பேர் பிழைச்சாலும் திருத்தம் போடச்சொல்லிச் சண்டைக்குப் போற மனுசன், பெத்த பிள்ளைக்குப் பொய்ச்செய்தி அனுப்புது எண்டு அம்மா ஏசினா.

கடைசியில் கொடிகாமம் கனகரத்தினம் மாஸ்ரரைக் கேட்டேன், அவருக்கும் பார்வை இல்லை, கனகாலமாய் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான் பாவிக்கிறார். பஸ்ஸில் வந்து, பழைய கணினியிலேயே அதைப் போட்டுத் தந்தார், தொடக்கத்திலிருந்தே அது கதைத்துக்கொண்டு வந்தது. தேத்தண்ணியோடு வந்த அம்மா லைற் போடவோ எண்டு கேட்க, உங்களுக்குத் தேவையெண்டால் போடுங்கோ தங்கச்சி என்றார். குரல் கரகரப்புத்தான், ஆனால் ஏதும் பிழைத்தால் மாஸ்ரர் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார். நீ தேடிய பாதுகாப்பும் இதில் உண்டாம், இதையே வைத்திருப்பதாய் முடிவெடுத்துவிட்டேன்.

அதை உனக்குச் சொல்ல வாய் வராமல் இருக்கும்போதுதான் பார்த்தீபன் கதையோடு கதையாய்ச் சொன்னார், அது உன்ரை சொந்தக் கணினி, நீ இப்போது படிப்பையெல்லாம் போனின் சின்னத் திரையில் குனிந்திருந்து செய்கிறாய் என்று. கண் உள்ள பிள்ளை கண்ணைக் கெடுக்க, உன்ரை கணினி இங்கே துணியால் மூடிச் சும்மா கிடந்திருக்கிறது மகள். நீ சொல்லாமல் விட்டதும் பிழைதான், ஆனால் என்ரை பிழை பெரிது.

தையில் உன்ரை சிநேகிதி கஜந்தினி அங்கே வருகிறாள், கணினியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். துடைத்துத்தான் வைத்திருக்கிறோம், இடுக்கில் சந்தனம் இருந்தால் அம்மாவை ஏசாதே. அதுவரை இரவில் போனைப் பார்த்துக் கண்ணை வருத்தாதே.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடு வாழ எங்கள் ஆசீர்வாதம். இந்த ஞாயிறு மறக்காமல் கூப்பிடு, நான் காதில் ஒன்றும் மாட்டமாட்டேன். கணினி கதைக்கிறது உனக்கும் கேட்கட்டும்.

உன்ரை அப்பா,
சோமசேகரம்