இரண்டரையில் விடுபட்ட புள்ளி

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம். இதை எழுதும் முன் உன் அம்மாவின் கட்டிலை எட்டிப் பார்த்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று உறுதி செய்துகொண்டேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் தேர்வு முடியும்வரை மூச்சு விடக் கூடாது, அவ பயந்துடுவா என்று என் வாயைக் கட்டிப்போட்டவள் அவள்தான், என்மேல் கோபப்படாதே. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்தாலும் வேண்டாம், மருத்துவக் கருவிப் பொறியியலிலேயே இரு, கருவி பழுதானால் கழற்றி மாட்டலாம், மனிதரை அப்படி முடியுமா என்று போன கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன் அல்லவா? அதைத் தபாலில் போட்ட மறுவாரமே ஆஸ்பத்திரியில் அம்மாவின் தலைமாட்டில் அப்படி ஒரு கருவி, வலி மருந்தை அளந்து ஏற்றும் பம்ப். அதில் புள்ளிக்கான பொத்தான் தேய்ந்திருக்கிறது. நர்ஸ் 2.5 என்று அழுத்தியது 25 என்று விழுந்துவிட்டது. கட்டிலில் தொங்கிய சீட்டில் 2.5 என்று இருந்தது, எதிரில் உட்கார்ந்து அந்த 25-ஐ நானும் வாசித்தேன். பரீட்சைத் தாளில் தசமப் புள்ளி விட்டால் அரை மதிப்பெண் வெட்டுகிற நான், பாவம் அசந்து தூங்குகிறாள் என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வார்டு பார்க்க வந்த டாக்டரம்மா பம்பைப் பார்க்கவில்லை, அம்மாவின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். பம்பை நிறுத்துங்க, மூச்சே இல்லையே என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ரெண்டரைதான் சார் அழுத்தினேன் என்று அந்த நர்ஸ் பெண் என் கையைப் பிடித்து அழுதாள். மறுநாள் கண் விழித்த அம்மா, ஊரார் பிள்ளைங்க புள்ளியெல்லாம் எண்ணுனீங்க, பெண்டாட்டி புள்ளியைக் கோட்டை விட்டுட்டீங்களே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நான் பம்பின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி உனக்கு எதைச் சொல்வேன்? டாக்டராகு என்று எழுத நினைத்தால், அவர் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று தோன்றுகிறது. கருவியோடு இரு என்றால், அந்தப் பொத்தானைச் செய்ததும் உன்னைப் போல ஒரு பிள்ளைதானே என்று தோன்றுகிறது. போன கடிதத்தில் நான் எழுதியது அறிவுரை இல்லையம்மா, வெறும் பயம். அதை அடித்துவிடு. கிடைத்திருக்கும் டாக்டர் இடத்தை எடுப்பதா, இருக்கும் படிப்பிலேயே தொடர்வதா என்று திங்கட்கிழமை நீ கல்லூரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அறைக்குள் நீ நுழைந்திருந்தால் உன் கண் முதலில் எங்கே போயிருக்கும், உதட்டுக்கா, பொத்தானுக்கா? அதுதான் உன் வேலை.

எதை எடுத்தாலும் எங்கள் ஆசி உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. சின்ன வகுப்பிலிருந்தே நீ புள்ளியைக் கடுகளவுதான் வைப்பாய். கொஞ்சம் பெரிதாக வை.

கட்டிலைப் பார்த்தபடி,
உன் அப்பா