குடியிருப்போர்: எவரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

கொத்தனார் இன்று வேலையைத் தொடங்குவதாகப் பேச்சு. வந்தார், மாடிப்படிக்குப் பக்கத்தில் குளியலறைக்கான இடத்தை அளந்தார், "பர்மிட் எங்கம்மா?" என்றார். என் வீட்டுக்குள் நான் ஒரு சுவர் எழுப்ப பர்மிட்டா?

"முன்னாடி யாரும் கேக்க மாட்டாங்க. இப்ப நாம நகரத்துக்குள்ள வந்துட்டோம்ல" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் எங்கும் வரவில்லை. பத்தொன்பது வருடமாக இதே சமையலறையில்தான் நிற்கிறேன். ஜனவரியில் யாரோ எல்லைக் கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

நகரசபை, ஐந்தாவது கவுன்ட்டர். அங்கே இருப்பவருக்கு மனதுக்குள் 'நிதானம்' என்று பேர் வைத்துவிட்டேன். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

"புதுசா சேர்ந்த இடம் எல்லாமே இப்போதைக்குத் திறந்த நிலம்தாம்மா. குடியிருப்புப் பகுதியா மாத்தச் சொல்லி விண்ணப்பம் போடுங்க. மாறினப்புறம் கட்டட பர்மிட்."

"அங்க வீடு இருக்குங்க."

"இருக்கலாம். பதிவுல நிலம்தான் இருக்கு."

குடியிருக்கும் வீட்டைக் குடியிருப்பாக மாற்ற வேண்டுமாம். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆகிறது. இனிமேல் படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டின் ஒரே குளியலறை மாடியில். அவருடைய அக்கா வீட்டுக்கு மாடியே கிடையாது. அதனால் அவர் அங்கே, நான் இங்கே.

விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நான் திறந்த நிலத்துல படி வழுக்கி விழுந்திருக்கேன், பெரிய சாதனைதான்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

"என்ன அவசரம்? தம்பி இங்கேயே இருக்கட்டுமே" என்றார் நாத்தனார்.

இல்லை அண்ணி, எனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி, அவராவது ஏதாவது சொல்லியிருக்கலாமே? தலையணையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்தார். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு இடம் எல்லாம் ஆகிவிட்டது. பழகிவிட்டாரா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதேதான்.

மார்ச் 14, வெள்ளி

நகரசபை ஆட்கள் வந்து வாசலில் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாமாம். காலையிலிருந்து மூன்று பேர் "வீட்ட விக்கிறீங்களா?" என்று கேட்டாயிற்று. எதிர்வீட்டு டிரைவர் (பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்) கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

மார்ச் 17, திங்கள்

இன்றுதான் பலகையின் கடைசி வரியைப் பார்த்தேன். 'குடியிருப்போர்: எவரும் இல்லை.'

எவரும் இல்லையா! அப்போ நான் யாரு? பேயா?

அரை நாள் லீவு போட்டுவிட்டு நிதானத்திடம் போய்க் கத்தினேன். அவர் அசரவில்லை. "எழுத்துல குடுங்கம்மா" என்று ஒரு ரோஸ் தாளை நீட்டினார். நின்றபடியே இரண்டு பக்கமும் எழுதினேன். என்னென்னவோ எழுதினேன், பாதி நினைவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கடிதம். 'தங்கள் விண்ணப்பத்தின் மீது ஓர் ஆட்சேபம் பெறப்பட்டுள்ளது. விசாரணை 9ஆம் தேதி.'

யார்? போன் போட்டால், விசாரணையில்தான் தெரியுமாம். ஒரு குளியலறையால் யாருக்கு என்ன வயிற்றெரிச்சல்?

ஏப்ரல் 3, வியாழன்

டிரைவர்தான். வேறு யார்? கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தாரே! ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம், "எங்க வீட்டுக்காரர் திரும்பி வந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஏணியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்

எப்படி எழுதுவது இதை.

சின்ன அறை, மூன்று நாற்காலி. நிதானம் ஓரமாக ஃபைலோடு நின்றார். அதிகாரி அம்மா, "விண்ணப்பதாரர்?" என்றார். கை தூக்கினேன். "ஆட்சேபிப்பவர்?" யாரும் இல்லை. அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு ரோஸ் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில் 'ஆட்சேபப் படிவம்'.

நான் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை பார்க்கிறவள். "தலைப்பைப் படிச்சிட்டு எழுதுங்க" என்று தினமும் நாற்பது பேரிடம் சொல்கிறவள்.

"வாபஸ் வாங்கினா இன்னைக்கே முடிச்சிடலாம்" என்றார் அதிகாரி அம்மா. வாக்கியத்தை நிதானம்தான் சொன்னார், நான் எழுதினேன்: 'மேற்படி மனையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்ற என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்.'

அப்படி எழுதினால்தான் அது குடியிருப்பு ஆகுமாம். வீட்டுக்காரரை நானே வீட்டை விட்டு வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்த மாடிப்படியை நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ரோஸ் தாளை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னத்துக்குத் திட்டினீங்கன்னே எனக்குப் புரியலம்மா" என்றார்.

மே 18, ஞாயிறு

வந்துவிட்டார். டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரிலிருந்து இறக்கினோம். ஈரம் காய்ந்து பர்மிட்டும் ஒட்டியிருக்கிற புதுக் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அந்தப் பிரபலமான தாள்?" என்றார். சிரிக்கத் தயாராகத்தான் வாங்கினார்.

இரண்டு பக்கமும் படித்தார். கடைசிப் பகுதி எனக்கே மறந்து போயிருந்தது: 'என் கணவர் இங்குதான் குடியிருக்கிறார். இப்போது இங்கே இல்லை. இங்கேயே இருக்கட்டும் என்று அங்கே சொல்கிறார்கள், அவரும் பேசாமல் இருக்கிறார். எனக்கு அவர் இங்கே வேண்டும்.'

அந்த வரிகளை மட்டும் மறுபடி ஒருமுறை படித்தார்.

"உனக்குப் பாரமா இருப்பேனோன்னுதான்டி பேசாம இருந்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இத நீ வாபஸ் வாங்கிட்டியா?"

"ஆமா."

"நான் வாங்கல."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் குளிக்கப் போகும்போது, சட்டையை வெளியே கதவில் மாட்டிவிட்டு, தாள் இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.