ஆரோக்கியம் அத்தான் படிக்காத நாலாவது துண்டு

பாசமும் எரிச்சலும் சரிபாதியாக, என் ஆரோக்கியம் அத்தானுக்கு,

1993 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். தறி செட்டில் கரண்ட் இல்லை. எட்டுத் தறியும் நிற்கின்றன. வாசல் வெளிச்சத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேர் கையிலும் ஒரே நாவல். நீங்கள் இருந்தால் உள்ளே நுழையும்போதே "இப்ப என்ன ஓடுது மாப்ள?" என்று கேட்பீர்கள். கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

பூட்டிய அறைக்குள் ஒரு டைப்பிஸ்ட் செத்துக் கிடக்கிறாள். இந்த மாத நாவல் அதுதான். பால்சாமி அண்ணன் இரண்டாம் துண்டில் இருக்கிறார். உதட்டை அசைக்காமல் படிக்க இன்னும் அவருக்கு வரவில்லை. அவருக்குப் பின்னால் காத்திருக்கும் முனியாண்டி கொதிக்கிறான்.

"என்னண்ணே, அந்தப் பக்கத்துலயே குடியிருக்கப் போறீகளா?"

"ஏலே, கொலைய அவசரமாப் படிக்கக் கூடாது. செத்தவ எந்திரிச்சா போகப் போறா?"

சொல்லிவிட்டு அவர் உங்கள் தறிப் பக்கம் பார்த்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

நாவலை நாலாக அறுக்கும் வேலையை இப்போது நான்தான் செய்கிறேன். நூல் அறுக்கிற அதே பிளேடு. உங்களைப் போல அத்தியாயம் பார்த்து அறுக்க எனக்குப் பொறுமை இல்லை. மொத்தப் பக்கத்தை நாலால் வகுத்து அறுக்கிறேன். போன மாதம் ஒரு பெண் கதவைத் திறந்து "நீ..." என்றதோடு முதல் துண்டு முடிந்துவிட்டது. முனியாண்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் கௌபாய் காமிக்ஸை அறுத்த பெருமை உங்களுக்கு மட்டும்தான். ஞாபகம் இருக்கிறதா? நடுவில் பின் அடித்த புத்தகம் அது. பின்னைப் பிடுங்கினால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில் வரும். மேல்தாளை வாங்கிய முனியாண்டிக்கு வில்லன் ஊருக்குள் வருவதும் வில்லன் சாவதும் ஒன்றாகக் கிடைத்தன. நடுத்தாள் கிடைத்த பால்சாமி அண்ணன் ஒரு வாரம் குதிரை ஓடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிப்ளமா படிச்சவன், மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்று என் மேல் பாய்ந்தீர்கள்.

"கேட்டீகளா?" என்றேன். இன்றைக்கும் அதே பதில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டேட் முதலாளியை யார் கொன்றது?

நீங்கள் கடைசியாகப் படித்த அந்த நாவலில் மூன்று துண்டை முடித்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னீர்கள்: "டாக்டர்தான்! நான் சொல்றேன், டாக்டர்தான்!" மறுவாரம் மஞ்சள்காமாலை என்று மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். நாலாவது துண்டை எடுத்துக்கொண்டு நான் பார்க்க வந்தேன். நான் எந்த நாவலையும் கடைசியிலிருந்து படிக்கிறவன். முடிவு தெரியாமல் முந்நூறு பக்கம் அலைவது எனக்கு வெட்டி வேலை. அதனால் நாலாவது துண்டு எப்போதும் எனக்குத்தான் முதலில் வரும். என் முகத்தைப் பார்த்ததுமே காதைப் பொத்திக்கொண்டீர்கள்.

"வாயத் தொறந்த, கொன்னுருவேன். அதக் கொண்டுபோய் பால்சாமிகிட்டக் குடு. என்னால வரிசை நிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து படிச்சுக்கிறேன்."

வீட்டுக்கு வந்தீர்கள். ஆனால் படிக்கிற மாதிரி வரவில்லை.

நீங்கள் போன முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து சாப்பாடு. அக்கா ஒரு மாதமாக யாரிடமும் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. புத்தகம் என்றாலே அடுப்பெரிக்க என்று நினைக்கிறவள், குழம்புச் சட்டியோடு பந்தி நடுவே நின்று கேட்டாள்.

"அந்தக் கதையில டாக்டருதான் கொன்னானா? ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாக."

நான் வாயைத் திறப்பதற்குள் பால்சாமி அண்ணன் முந்திவிட்டார். "ஆமா தாயி. சாட்சாத் டாக்டரேதான்."

"நூத்துக்கு நூறு," என்றான் முனியாண்டி. "அண்ணன் சொன்னா தப்புமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பால்சாமி அண்ணன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதி என்றால் சாதாரண மிதி இல்லை. கைத்தறி மிதித்து வளர்ந்த கால்.

"அப்ப அந்தக் கடைசித் துண்டக் குடுங்க. எழுத்துக் கூட்டியாவது நானே படிச்சிக்கிறேன்," என்றாள் அக்கா.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. துண்டு பரளச்சியில் தன் வீட்டில் இருக்கிறது என்றார் பால்சாமி அண்ணன். அடுத்த வாரம் பஸ்ஸில் கூட்டம், எடுத்துவர முடியவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் ஆடு தின்றுவிட்டது என்றார். "எந்த ஆடு?" என்று அக்கா கேட்டதற்கு, பாவம், அவர் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அவர் ஆடு வளர்க்கவில்லை.

கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். "மாப்ள, நீ படிச்சவன். கடைசி ரெண்டு பக்கத்த டாக்டர்னு மாத்தி எழுது. அடிச்சு ஒட்டிருவோம்." முனியாண்டிக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று இருக்கிறதாம். போய்ப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிக்கிற இடம். மஞ்சள் அட்டையில், சுற்றிலும் பூப் போட்டு, டாக்டர் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அடித்துத் தருகிறேன் என்கிறார் அந்த மனுஷன். மேலே பிள்ளையார் படம் வேண்டுமா என்று வேறு கேட்டார். "கிறிஸ்தவுக வீடுண்ணே," என்றான் முனியாண்டி, பொறுப்பாக.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மோட்டாரில் ஒரு வயர் தப்பாக இருந்தால் மேலே துணியைச் சுற்றி மறைக்க மாட்டேன். நேரே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டாக்டர் இல்ல. அத்தான் சொன்னது தப்பு."

முறம் நின்றது. நான் செய்தது சரியா என்று அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. எப்போதும் எனக்கு அது செய்து முடித்த பிறகுதான் வரும்.

அப்புறம் அவள் சிரித்தாள் அத்தான். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. அரிசியெல்லாம் சிதற, மூச்சு முட்ட.

"எனக்குத் தெரியும்லே! அவுக சொல்லி என்னைக்கு எது சரியா வந்துச்சு? இன்னைக்கு மழை வரும்னு அவுக சொன்னா நான் தைரியமா வடகம் காயப்போடுவேன். ஒரு தடவ நனைஞ்சதில்ல." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்தான்னு அந்த அண்ணன் அடிச்சுச் சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுடா. யாரோ வேற ஒருத்தரப் பத்திப் பேசுற மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் நம்ம ஆளு மாதிரி இருக்கு."

யார் கொன்றது என்று அவள் கேட்கவில்லை. துண்டு வரட்டும், படித்தே தெரிந்துகொள்கிறேன் என்றாள். இங்கேயும் அதை எழுத மாட்டேன். டாக்டர் இல்லை என்று பாதி சொல்லிவிட்டேன். அது தவிர்க்க முடியவில்லை.

இப்போது முதல் துண்டு அக்காவுக்குத்தான் போகிறது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், ஆனால் பால்சாமி அண்ணனை விட வேகம். அதில் ஒரு புதுத் தொல்லை. முதல் துண்டிலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். இந்த மாதம் சாப்பாட்டுத் தூக்குக்குள் ஒரு பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பிவிட்டாள். முனியாண்டி தெரியாமல் பிரித்துப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். நான் கடைசிப் பக்கம் படித்தவன். அவள் சொன்ன ஆள்தான். இத்தனை வருஷம் இவளோடு ஒரே வீட்டில் இருந்து எப்படி அத்தான் எதையாவது மறைத்தீர்கள்? இல்லை, மறைத்ததாக நீங்கள் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

கரண்ட் வந்துவிட்டது. சத்தத்தில் இனி யோசிக்க முடியாது. நான் செய்யப்போவதை வரிசையாக எழுதிவிடுகிறேன்:

1. நாளைக் காலை முதல் பஸ்ஸில் பரளச்சி போய், ஆடு தின்ற நாலாவது துண்டை வாங்கி வருவேன்.

2. மற்ற மூன்று துண்டுகளும் யார் யாரிடம் இருக்கின்றன என்று தெரியும். பிடுங்கி வருவேன்.

3. நாலையும் பசை போட்டு ஒட்டி முழுப் புத்தகமாக்குவேன். நம் செட்டில் முழுசாக ஒரு புத்தகம் இருப்பது இதுதான் முதல் தடவை.

4. கல்லறைத் திருநாளன்று அக்கா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதை முதலிலிருந்து வாசிப்பாள். மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கி வருவேன். புத்தகம் பெரிது.

5. அவள் கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை நான் கல்லறை கேட்டுக்கு வெளியே நிற்பேன். வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்.

எல்லாவற்றையும் கடைசியிலிருந்து படிக்கிற,
உங்கள் மச்சினன்
பிரான்சிஸ்