முதலாளிக் களை

இம்மடலை எழுதும் நான் திருப்பூரில் வழக்கறிஞர். உங்கள் தங்கையின் கணவன். நானே கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

மச்சான், இன்று உங்கள் திதி. படையலின் முன் குனிந்து எழுந்த உங்கள் மகனின் சட்டையில், வயிற்றருகே ஒரு பொத்தான் தெறித்தது. "அப்பனாட்டமே முதலாளிக் களை வந்திருச்சுங்க" என்றார் பொங்கலூரிலிருந்து வந்திருந்த உங்கள் பங்காளி. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

இதே சொல்லை உங்களுக்கும் சொன்னார்கள். கட்டிங் மாஸ்டராக இருந்தவரை ஒடிசலாக இருந்த நீங்கள், வேலம்பாளையத்தில் சொந்தமாக ஏற்றுமதிப் பனியன் கம்பெனி தொடங்கிய பிறகு வயிறு பெருத்தீர்கள். கைகால்கள் மெலிந்துகொண்டே போயின. ஊரார் வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

சர்க்கரை கூடியபோது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "நாய் துரத்துனா ஓடறதுக்குத் தெம்பு வேணுமில்லீங்களா? அதுக்குத்தான் கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் சுரந்து, ஈரலைச் சர்க்கரை உண்டாக்க வெச்சு ரத்தத்துல எறக்கி உடுது. நாய் போனா அதுவும் அடங்கிரும். உங்களுக்கு அடங்கறதே இல்லீங்க. சதையைக் கரைச்சுச் சர்க்கரையாக்குது, செலவாகாதது வயித்துல கொழுப்பாச் சேருது" என்றார் அவர்.

"என்னைத் தொரத்தற நாய் ஜெர்மனியில இருந்து போன் பண்ணுதுங்க டாக்டர்" என்றீர்கள். மருத்துவரும் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், "இந்த ஷிப்மென்ட் போகட்டும் மாப்ள, அப்பறம் படுத்துத் தூங்கறேன்" என்றீர்கள். அது போவதற்குள் அடுத்ததற்குத் துணி வந்து இறங்கியது. ஒரு திங்கட்கிழமை, நூல் வராத செய்தியைப் போனில் கேட்டுக்கொண்டே கட்டிங் மேசைமேல் சாய்ந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். மன உளைச்சல் ஒன்றே காரணம் என்று நான் வாதிட மாட்டேன்; அதற்குப் பங்கே இல்லை என்று எவரேனும் வாதிட்டால் ஒப்பவும் மாட்டேன்.

இன்று படையல் முடிந்ததும் உங்கள் மகனைத் தனியே அழைத்தேன். "கண்ணு, ரத்தப் பரிசோதனைக்குப் போலாம். நானும் கூட வர்றேன்."

"இந்த வாரம் ஷிப்மென்டுங்க மாமா. போகட்டும்" என்றான்.

உங்களுக்குப் பிறகு எவரைக் கண்டாலும் என் கண், மெலிந்திருக்கிறதா என்று முதலில் மணிக்கட்டுக்குத்தான் போகிறது. வழக்குக்காக வரும் கட்சிக்காரர்களைக்கூட அப்படித்தான் பார்க்கிறேன். இன்று படையலின் முன் உங்கள் மகன் கை கூப்பியபோது, அவன் கடிகாரம் முழங்கையை நோக்கிச் சரிந்தது.

படித்துச் சரிபார்த்து ஒப்பமிடுபவன்,
குமாரசாமி

சாட்சிகள்:
1. சரஸ்வதி, உங்கள் தங்கை.
2. செந்தில், உங்கள் மகன். கம்பெனிக்குப் போய்விட்டான், கையொப்பம் இன்னும் பெறவில்லை.