இஸ்திரிச் சூடு இல்லை

மார்ச் 3
இடப்பக்க விலாவில், முதுகிலிருந்து மார்பின் அடி வரை எரிகிறது. துணி உரசினாலே ஊசி குத்துகிறது. இரத்தப் புற்றுநோய் என்று என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து இஸ்திரிக் கடை முழுக்க என் தலையில்தான். குனிந்து குனிந்து பிடித்துக்கொண்டிருக்கும். அவரிடம் சொல்லவில்லை. "மகாராணிக்கு வேலைன்னா வலி வந்துடுமே" என்பார்.

மார்ச் 6
வலித்த இடத்திலேயே சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். இஸ்திரி ஆவி பட்டிருக்கும். எப்போது பட்டது? ஞாபகமில்லை. இந்தத் தொழிலில் சூடு படாத நாள் உண்டா? களிம்பைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கையால் இரண்டு வாய் சாப்பிட்டார்.

மார்ச் 7
நான் நெளிவதைப் பார்த்து, வார்டு நர்ஸ் தனியே கூட்டிப்போனாள்.

"கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே வலிச்சுதாக்கா?"

"ஆமா, மூணு நாளா."

"சூடுன்னா பட்ட அப்புறம்தானே வலிக்கும்? நடு முதுகைத் தாண்டாம ஒரே பக்கமா வேற இருக்கு. அக்கியா இருக்கும், டாக்டரைப் பாருங்க."

அக்கியேதான். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்பிலேயே ஒளிந்திருந்ததாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். "கொப்புளமெல்லாம் காஞ்சு பொருக்குத் தட்டற வரைக்கும் வார்டுக்கு வராதீங்கம்மா. அவருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல."

இத்தனை வருஷம் சூடு பட்ட உடம்பு. எது சூடு என்றுகூடத் தெரியவில்லையே எனக்கு!

மார்ச் 9
போனில் அவர். "என்ன, புருஷனை அம்போன்னு விட்டுட்டு ஊர் சுத்துறியா?" மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு உங்களைத் தொட்டேனே... உங்களுக்கு ஏதாவது—"

"எனக்கு ஒண்ணும் வரல. நீயும்தான் வரல."

மார்ச் 11
கண்ணாடி முன்னால் நின்று நின்று பார்க்கிறேன். இன்னும் ஈரம். காஞ்சு தொலையேன் சனியனே!

மார்ச் 13
விடியும்போது நர்ஸ் கூப்பிட்டாள். போய்விட்டார். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், என்னிடம் சொல்லக்கூடாது என்றாராம். அக்கியால் இல்லை என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார். நம்புகிறேன். ஆனால் பக்கத்தில் நான் இல்லையே. பாவி மனுஷா, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

மார்ச் 19
பொருக்கு உதிர்ந்துவிட்டது. "இனிமே எங்க வேணும்னாலும் போகலாம்மா" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டுக் கடைக்கு வந்தேன். அவர் வீடு திரும்பும் நாளுக்கென்று வைத்திருந்த நீலச் சட்டையைத் தேய்த்தேன். எப்போதும் நான் சட்டைக் கையில் தொடங்குவேன், அவர் காலரில் தொடங்குவார். இன்று காலரில் தொடங்கினேன்.

எரிச்சல் மட்டும் போகவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் இருக்குமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.